கரையில் பதினாலு நாள்

எனக்குக் கம்ப்யூட்டர் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் சொல்லப்போகும் விஷயத்தில் தப்புச் செய்தது கம்ப்யூட்டர் இல்லை, நான்தான். கம்ப்யூட்டர் நான் சொன்னதைச் சொன்னபடி செய்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்த நேரம். எனக்கு இருபத்தொன்பது வயது. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் எங்கள் பிளாக்கிலேயே நூலகப் படிப்பு படித்த ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டில் நாங்கள் பேசுவது ஒரு தமிழ், வேலைக்குப் போனால் நான் பேசுவது வேறு தமிழ். தலைவாரிப் புடவை கட்டும்போதே நாக்கையும் மாற்றிக்கொண்டு கிளம்புவேன். பேச்சை வைத்து நம்மை எடை போடுகிற ஊரில் அது எனக்கு ஒரு பாதுகாப்பு.

ராயபுரத்திலிருந்து காசிமேட்டுக்குப் போகிற வழியில், ஒரு பழைய சரக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது எங்கள் நூலகம். அரசாங்கத்துடையது அல்ல, ஓர் அறக்கட்டளை நடத்தியது. ஏழாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள், நாலு நீள மேசைகள், உப்புக் காற்றில் துருவேறிய ஜன்னல் கம்பிகள். நான் அங்கே நூலகராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தற்காலிக உதவியாளராக ஓர் அக்கா இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், காசிமேட்டுக்காரர், எட்டாவது வரை படித்தவர். அவர் வீட்டுக்காரர் விசைப்படகில் வேலை செய்தார். கூட்டுவது, தூசி தட்டுவது, அடுக்குவது எல்லாம் அக்காதான். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து, நான் பத்து மணிக்கு வரும்வரை புத்தகம் கொடுத்து வாங்குவதும் அவர்தான். அந்த மூன்று மணி நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த வருடம் மார்ச் மாதத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்கள் இரண்டை எங்களுக்குக் கொடுத்தார்கள். உடனே மோப்பம் பிடித்த மாதிரி ஒரு கம்பெனிக்காரர் நூலக மென்பொருள் விற்க வந்துவிட்டார். டை கட்டியிருந்தார், நன்றாகப் பேசினார். வாங்கும்போது ஒரு தொகை, அப்புறம் வருடா வருடம் ஒரு தொகை என்றார். அறக்கட்டளையில் அவ்வளவு பணம் இல்லை.

எங்கள் செயலாளர் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சிக்கலுக்கும் ஒரு காகிதத்தில் கூட்டிக் கழித்து வழி கண்டுபிடித்துவிடுவார். இதற்கும் கண்டுபிடித்தார்.

"கம்ப்யூட்டர் வந்துட்டா உதவியாளர் எதுக்கும்மா? நீயே எல்லாத்தையும் பாத்துக்கலாம். அந்தச் சம்பளம் இதுக்குச் சரியாப் போயிடும்," என்றார்.

அக்கா அப்போது டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு, சிந்தியதைத் துணியால் துடைத்துவிட்டு, எதுவும் கேட்காத மாதிரி போய்விட்டார். எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்தது. ஒருத்தரை வேலையைவிட்டு எடுப்பதை அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே பேசுகிற மனசு எப்படி வருகிறது என்று தெரியவில்லை.

"மூணு மாசம் டைம் குடுங்க சார். காசே இல்லாம பண்ணிக் காட்டுறேன்," என்றேன்.

"காசில்லாம எவன்ம்மா குடுப்பான்?"

கொடுக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், தேவைப்பட்டால் திருத்தியும் கொள்ளலாம், அப்படி ஒரு வகை மென்பொருள் இருக்கிறது, அதில் நூலகத்துக்கென்றே எழுதியதும் ஒன்று இருக்கிறது என்று. படித்திருந்தேனே தவிர கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் குரலில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. செயலாளர் காகிதத்தில் மூன்று என்று எழுதி வட்டம் போட்டார்.

"சரி, மூணு மாசம். நடந்தா அந்தம்மா இருக்கட்டும். நடக்கலன்னா கம்பெனிக்காரன் வரட்டும்."

அக்காவின் வேலையை என் வாய்ச்சவடாலில் கட்டித் தொங்கவிட்டுவிட்டேன் என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

ஒரு சனிக்கிழமை, இந்த மாதிரி மென்பொருள்களில் ஆர்வமுள்ளவர்கள் கூடுகிற கூட்டத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். ஒரு கல்லூரி வகுப்பறை. இருபது பேரில் நான் ஒருத்திதான் பெண். ஒரு வங்கியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் மூன்று சிடி போட்டுக் கொடுத்தார். எவ்வளவு என்று கேட்டேன். "சிடி வெறும் பிளாஸ்டிக்தாங்க. நீங்களும் நாலு பேருக்குக் காப்பி போட்டுக் குடுங்க," என்றார். கெட்டுப்போனால் என்ன செய்வது என்றேன். திரும்ப முதலிலிருந்து போடுங்கள் என்றார்.

நாலு முறை முதலிலிருந்து போட்டேன். ஒரு முறை திரை கறுப்பாகவே நின்றது. ஒரு முறை கப்பல் ஏஜெண்ட் ஆபீசின் பழைய கணக்குகளோடு சேர்த்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இது முன்னாடியே காலியாகத்தான் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது முறை ஓடியது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு அக்காவைத் தவிர ஆள் இல்லை. "ஸோக்கா கீது மேடம்," என்றார், திரையில் வெறும் காலிக் கட்டங்கள்தான் இருந்தன என்றாலும்.

அதன் பிறகு புத்தகங்களை ஏற்றுகிற வேலை. அக்கா பதிவேட்டை வைத்துக்கொண்டு வாசிப்பார், நான் தட்டுவேன். தமிழ் எழுத்து திரையில் தமிழாகவே வரும்படி செய்ய இரண்டு வாரம் பிடித்தது. அதற்கு முன்னால் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும்தான் வந்தது. முதல் புத்தகத்தின் பெயர் ஒழுங்காக வந்த அன்று அக்கா திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்தார். அடுத்த வாரம், "நீங்க குந்துங்க மேடம், நா அடிக்கிறேன்," என்று விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரே விரல்தான். ஆனால் நான் ஐந்து விரலில் செய்கிற பிழைகளை அவர் ஒரு விரலில் செய்யவில்லை.

ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. நாற்பத்தைந்து நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. எங்கள் நூலகத்துக்கு அதுதான் திருவிழா. வலை பின்னுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஆட்கள் வந்து உட்கார்ந்து படிப்பார்கள். நாவல், சித்த வைத்தியம், எஞ்சின் ரிப்பேர், அரசியல் வரலாறு, எதையும் விடமாட்டார்கள். மென்பொருளோடு சேர்த்து இணையத்தில் இலவசமாகக் கிடைத்த எஞ்சின் கையேடு ஒன்றையும் பிரவுசிங் சென்டரில் இறக்கிவந்து வைத்திருந்தேன். படத்தைப் பார்க்கவே தினமும் ஐந்தாறு பேர் கம்ப்யூட்டரைச் சூழ்ந்துகொள்வார்கள்.

தடை முடிகிற நாளுக்கு முந்தைய இரண்டு நாளும் புத்தகம் எடுக்க வரிசை நின்றது. எல்லாப் படகுகளும் ஒன்றாகப் புறப்படுகின்றன, ஒவ்வொன்றிலும் புத்தகம் ஏறுகிறது. மீன் படுகிற இடத்துக்குப் போய்ச் சேரும்வரை பொழுது போக வேண்டுமே. ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்பார்களாம். பிளாஸ்டிக் கவரில் இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்துப் போவார்கள். நான் ஒவ்வொன்றிலும் பதினாலு நாள் தள்ளித் தேதி முத்திரை குத்தினேன், அதையே கம்ப்யூட்டரிலும் ஏற்றினேன்.

மூன்று மாதக் கெடு முடிகிற அன்று, ஜூன் மூன்றாம் வாரத்தில், கமிட்டி மொத்தமும் வந்து உட்கார்ந்தது. ஐந்து பேர், ஐந்து டீ. நான் புத்தகம் தேடிக் காட்டினேன், ஆசிரியர் பெயரைத் தட்டினால் அவர் எழுதியதெல்லாம் வருவதைக் காட்டினேன். கடைசியாக, வித்தை காட்டுகிறவள் மாதிரி, "கெடு தாண்டியவங்க லிஸ்ட் ஒரு பட்டனை அமுக்கினா வரும்," என்று அமுக்கினேன்.

பட்டியல் வந்துகொண்டே இருந்தது. பிரிண்டர் மூன்று பக்கம் துப்பியது. அத்தனை பேருடைய அட்டைகளும் திரையில் சிவப்பாகி, அவர்கள் இனிப் புத்தகம் எடுக்க முடியாது என்று காட்டியது. செயலாளருக்கு அப்படி ஒரு பூரிப்பு.

"இத்தனை பேரு நம்மள ஏமாத்திட்டு இருந்திருக்கான் பாருங்க. இதை வாசல்ல ஒட்டும்மா. மாசக் கடைசி மீட்டிங்ல மத்ததை முடிவு பண்ணிடலாம்," என்றார்.

அவர்கள் போனதும் நான் தலைப்பு ஒன்றைத் தட்டி மேலே ஒட்டினேன்: 'நூல்களைத் திருப்பித் தராதவர்கள்'. பசை தடவிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து நின்று பெயர்களைப் படித்தார்.

"மேடம், இவுங்கல்லாம் கடல்ல கீறாங்க மேடம்."

"எங்க இருந்தா என்னக்கா? குத்தின தேதி குத்தின தேதிதானே. கம்ப்யூட்டருக்கு ஆள் பாத்து சலுகை குடுக்கத் தெரியாது."

அப்படித்தான் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மூன்றாம் நாள் படகுகள் திரும்பத் தொடங்கின. காலை பத்தேகால் மணிக்கு ஒருவர் படியேறி வந்தார். விசைப்படகை ஓட்டுகிறவரை அங்கே டிரைவர் என்பார்கள். இவர் ஒரு படகின் டிரைவர், ஐம்பது வயது இருக்கும், என்னிடம் அதிகம் பேசினவர் இல்லை. கவரைப் பிரித்து மூன்று புத்தகங்களை மேசைமேல் வைத்தார். டீசல் வாடை வந்தது.

"மேடம், கதவாண்ட மொத பேரு என்னுது. பட்ச்சேன்."

"கெடு தாண்டிடுச்சுங்க, அதனாலதான்..."

"நா கர மிதிச்சே ரெண்டு அவர் ஆவுது. வூட்டுக்குக்கூட போவல. எந்தக் கெடுவ தாண்டுனேன்?"

அவர் சட்டைப் பையிலிருந்து உறுப்பினர் அட்டையை எடுத்து, புத்தகங்களின் மேல் வைத்தார்.

"பதினோரு வருசமா இங்க பட்ச்சிகினு கீறேன். ஒரு புக்கு தொலச்சதில்ல. நனஞ்ச ஒண்ணுக்குப் புதுசு வாங்கிக் குட்த்தேன். நீங்க என்னான்னா திருடன் லிஸ்ட்ல குந்த வச்சிகினீங்க. வேணாம் மேடம், நீங்களே வச்சிகோங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் வருத்தமாகச் சொன்னார். அந்த வாரம் முழுக்க, ஒவ்வொரு படகாகக் கரைக்கு வர வர, ஆட்கள் வந்து புத்தகத்தையும் அட்டையையும் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை; எதையும் கம்ப்யூட்டரில் வரவு வைக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை. என் இழுப்பறையில் நாற்பது அட்டைக்கு மேல் சேர்ந்தது. சாயங்காலம் எப்போதும் இடம் கிடைக்காத நீள மேசைகளில், பேப்பர் படிக்கிற இரண்டு மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

விஷயம் செயலாளர் காதுக்குப் போயிற்று. ஒட்டச் சொன்னவர் அவர்தான் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

"ஓசியில வந்தா இப்படித்தாம்மா. மாசக் கடைசியில கம்பெனிக்காரனை வரச் சொல்லிடறேன். அந்தம்மாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு," என்றார்.

அவர் போனதும் எனக்கு என்ன தோன்றியதோ, கம்பெனிக்காரருக்கே போன் போட்டேன். கடலுக்குப் போகிறவர்களுக்கு ஏற்ற மாதிரி கெடுவை மாற்ற உங்கள் மென்பொருளில் வழி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எந்த லைப்ரரியிலயும் அப்படி ரூல் இல்லயே மேடம். சாஃப்ட்வேர்ல என்ன இருக்கோ அதுக்குத் தக்க நீங்க ரூலை மாத்திக்கணும்." நன்றி சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு அது ஒரு விதத்தில் தெம்பாகவே இருந்தது. மூன்று மாதமாக நான் இதே வசனத்தைத்தான் டை கட்டாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று புரிந்தது.

அக்காவிடம் வேலை போகப்போகிறது என்று சொல்லத்தான் எழுந்து போனேன். அவர் அலமாரிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, திரும்பி வந்த புத்தகங்களின் அட்டையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வாயில் வந்தது வேறு.

"அக்கா, நான் வர்றதுக்கு முன்னாடி இதையெல்லாம் எப்படி வாங்கிக் குடுத்துட்டு இருந்தீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். பக்கத்துக்கு மூன்று பத்தி. படகு, போன தேதி, கரை சேர்ந்த தேதி. வருடக்கணக்காக எழுதியிருந்தார். தினமும் காலையில் மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போகும்போது எந்தப் படகு போயிற்று, எது வந்தது என்று விசாரித்து, நூலகம் திறந்ததும் எழுதிவிடுவாராம்.

"முத்திர குத்துற தேதி கரைல கீறவங்களுக்கு மேடம். கடலுக்குப் போனவங்களுக்கு, கடல்ல இருக்குற நாளு கணக்குல வராது. கரையில பதினாலு நாளு. மொதல்லேர்ந்து அப்டித்தான். எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர. நோட்டைப் புரட்டிக்கொண்டே, "இதை முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா," என்றேன்.

"சொன்னனே மேடம். நீங்க லிஸ்ட்டு ஒட்டிகினு இருந்தீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பரிதாபத்தால் இல்லை, வெட்கத்தால். பேச்சை வைத்து என்னை யாரும் எடை போட்டுவிடக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க ஜாக்கிரதையாக இருந்தவள், அக்கா பேசிய ஒரு வாக்கியத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டிருக்கிறேன். அக்கா அதைப் பார்த்துப் பதறி, துடைக்கிற ஈரத்துணியையே என்னிடம் நீட்டினார். அதில் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

அன்று மதியமே கம்ப்யூட்டரின் முன் இருவரும் உட்கார்ந்தோம். மென்பொருளில் விடுமுறை நாட்களைக் குறிக்க ஒரு நாட்காட்டி இருந்தது. நூலகம் மூடியிருக்கிற நாளைச் சிவப்பாக்கிவிட்டால், அந்த நாளைக் கெடுவில் சேர்க்காது. பல கிளைகள் உள்ள பெரிய நூலகங்களுக்காக, ஒவ்வொரு கிளைக்கும் தனி நாட்காட்டி வைத்துக்கொள்ளவும் இடம் இருந்தது. எங்களுக்குக் கிளையே கிடையாது என்பதால் நான் அந்தப் பக்கத்தைச் சீந்தியதில்லை. இதையெல்லாம் அக்காவுக்குப் படித்துச் சொன்னேன்.

"ஒரு கெளைக்கு லீவு வுட்டா, மத்ததுக்கு லீவு கெடையாதா?"

"கிடையாது. அததுக்கு அதது கணக்கு."

அக்கா தன் நோட்டைத் திரைக்குப் பக்கத்தில் பிரித்து வைத்தார். "அப்ப ஒவ்வொரு போட்டையும் ஒரு கெளையாக்கிடுங்க மேடம். கடல்ல கீற நாள்லாம் அதுக்கு லீவு."

இதை எழுதும்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றவில்லை.

முப்பத்தொரு படகு. முப்பத்தொரு கிளை. அக்கா நோட்டைப் பார்த்து ஒற்றை விரலில் தேதிகளை ஏற்றினார், நான் ஒவ்வொரு உறுப்பினரையும் அவரவர் படகில் ஏற்றினேன். ஆனாலும் பட்டியல் குறையவில்லை. புத்தகம் கொடுத்த இடத்தின் நாட்காட்டியைத்தான் மென்பொருள் பார்த்தது, எடுத்தவரின் கிளையைப் பார்க்கவில்லை. வங்கிக்காரருக்குப் போன் செய்தேன். எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும், எதைத் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டு, "நகல் எடுத்து வச்சுக்கிட்டு மாத்துங்க. உங்களுதுதான், யாரையும் கேக்க வேண்டியதில்ல," என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி.

மறுபடி அந்தப் பட்டனை அமுக்கினேன். மூன்று பக்கப் பட்டியல் இரண்டு பெயராகச் சுருங்கியது. ஒருவர் மாத்தூருக்குக் குடிபோனவர். மூன்று பக்கத்துக்கு நடுவில் யார் கண்ணிலும் படாமல் போன இன்னொருவர் எங்கள் செயலாளர்.

வாசலில் இருந்த பட்டியலை நகத்தால் சுரண்டிக் கிழித்தேன். நல்ல பசை, லேசில் வரவில்லை. மறுநாள் காலை அட்டைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அக்காவோடு காசிமேட்டுக்குப் போனேன். ஏலம் நடந்துகொண்டிருந்தது. மீன் கூடைகளுக்கும் ஐஸ் வண்டிகளுக்கும் நடுவில் என் புடவை முழங்கால்வரை நனைந்தது. அக்கா நுழைந்து நுழைந்து போனார், நான் வழிவிடுங்க வழிவிடுங்க என்று பின்னால் ஓடினேன். டிரைவர் தன் படகின் அருகே நின்று வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் என் பையில் அட்டை உள்ளவர்கள்.

வீட்டிலேயே நன்றாகத் தயார் செய்துகொண்டு போன வாக்கியம் ஒன்று இருந்தது. 'நிகழ்ந்த தவறுக்கு வருந்துகிறோம்' என்று தொடங்கும். அவர் முகத்தைப் பார்த்ததும் அது எங்கேயோ போய்விட்டது.

"என் தப்புதாண்ணே. அக்கா சொல்லிச்சு, நாந்தான் கேக்கல. தெரியாத்தனமா ஒட்டிட்டேன். உங்கள எல்லாம் நிக்க வச்சி அசிங்கப்பட்த்திட்டேன், மனசுல வச்சிக்காதீங்க," என்றேன், எங்கள் பிளாக்கில் பேசுகிற பேச்சில்.

அவர் வலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீ எந்த ஏரியாம்மா?"

"புளியாந்தோப்பு."

"அப்பால ஏன் இத்தினி நாளா டிவில நியூஸ் வாசிக்கிறவ மாரி பேசிகினு இருந்த?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா அதற்குள் பிரிண்ட் எடுத்த படகுப் பட்டியலை அவரிடம் நீட்டினார். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, முதலில் தன் படகு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கீழே வந்து, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இது இங்க இல்ல. போன வாரமே வித்துட்டாங்கோ. முப்பதுதான்."

"விக்கலண்ணே, பேச்சு நடக்குது. நேத்து அவுங்க வூட்டாண்ட கேட்டேன்," என்றார் அக்கா.

இருவரும் ஐந்து நிமிடம் வாதாடினார்கள். பக்கத்திலிருந்த இரண்டு பேர் அக்கா பக்கம் சாட்சி சொன்னார்கள். டிரைவர் பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அவ சொன்னா கரீட்டா இருக்கும்," என்றார். பிறகு கையை நீட்டினார். நான் மஞ்சள் பையில் துழாவி அவர் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். மற்றவர்களும் வந்து வாங்கிக்கொண்டார்கள்.

மாதக் கடைசியில் கமிட்டி கூடியது. கம்பெனிக்காரர் வெளியே நாற்காலியில் காத்திருந்தார். உள்ளே மேசைகள் நிறைந்திருந்ததால் கமிட்டிக்காரர்களே இடம் தேடி உட்கார வேண்டியிருந்தது. நான் படகுக் கிளைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். செயலாளருக்கு உடனே புரிந்தது. கூட்டிக் கழிக்கத் தெரிந்தவர் அல்லவா.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்தப் படகு எப்பப் போச்சு, எப்ப வந்துச்சுன்னு தினமும் யாரு கண்டுபிடிச்சு ஏத்துறது?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். "அக்காதான் சார். அவங்களாலதான் முடியும். கம்ப்யூட்டர் வந்தா உதவியாளர் எதுக்குன்னு கேட்டீங்களே, இந்தக் கம்ப்யூட்டர் ஓடணும்னா அவங்க இருந்தாகணும். நான் இல்லாட்டியும் ஓடும்."

கடைசி வாக்கியத்தை யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஆனால் அது உண்மை. பிறகு, இப்போது கெடு தாண்டியவர்கள் இரண்டு பேர்தான் என்று சொல்லி அந்தக் காகிதத்தையும் அவர் முன் வைத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். உதவியாளர் பணி தொடரும், தற்காலிகம் என்ற சொல் நீக்கப்படும் என்று தீர்மானம் எழுதப்பட்டது. கம்பெனிக்காரருக்கு டீ கொடுத்து அனுப்பினோம். செயலாளர் எட்டு மாதமாக வைத்திருந்த புத்தகம் மறுநாள் காலை வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலம் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஒவ்வொரு கிளைக்கும் பொறுப்பாளர் யார் என்று கேட்டு மென்பொருளில் ஒரு கட்டம் உண்டு. அதுவரை காலியாக விட்டிருந்தேன். முப்பத்தொன்றிலும் அக்காவின் பெயரைத் தட்டி, அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வொரு படகையும் திறந்து, தன் வீட்டுக்காரர் வேலை செய்கிற படகையும் திறந்து, கீழே தன் பெயர் இருக்கிறதா என்று சரிபார்த்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்தபிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"முப்பத்தோரு லைப்ரரின்றீங்க. சம்பளம் மட்டும் ஒண்ணுக்குத்தானே மேடம்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவருக்குச் சம்பள உயர்வு கேட்டு அடுத்த கமிட்டிக்கு நான் எழுதிய கடிதத்தில் அதையே முதல் வரியாக வைத்தேன்.